ஐந்தாம் பாத்தியில் எண்ணெய் குறையவில்லை

போன் அலறியது. பல்லேகல ஊர் முழுக்க எழுந்து உட்கார்ந்திருக்கும்... அப்படியோர் அலறல்!

லொறி சேர்விஸ் முதலாளி நிரோஷன்.

"மிஸ், ஒங்க கிருமி சோம்பேறிக் கிருமி. அஞ்சாம் பாத்தியில எண்ணெய் அப்பிடியே கெடக்கு. லைசென்ஸ் புதுப்பிக்கணும். சுத்தம்னு எப்ப எழுதித் தருவீங்க?"

மண் ஆய்வாளர் மஸாஹிரா அரை மணியில் அங்கே நின்றாள்.

இருபது வருடக் கழிவெண்ணெய் குடித்த மண். ஆறு பாத்திகளாகப் பரப்பி, எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை விட்டிருந்தாள். மற்ற ஐந்து பாத்திகளில் அவை கல்யாணப் பந்தி போலப் புகுந்து விளையாடியிருந்தன. ஐந்தாவதில் மட்டும்... பட்டினி!

அங்கே தேநீர் ஊற்றும் நல்லம்மா பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கறுப்பையாதான் இந்த மண்ணைப் புரட்டியவன். தொழிலாளர் லயத்துக் கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது, பிரதேச சபைக்கு மனு கொடுக்கப் போகிறேன் என்றான். மறுநாள் ஆளைக் காணோம். லொறி பெட்டரி திருடிக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட்டான் என்று முதலாளி ஊரெல்லாம் பரப்பினான். ஐந்து வாரமாக லயத்தில் ஒருவரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அவரு உசிரோட இல்லாட்டியும் பரவால்ல, மிஸ். திருடன்னு மட்டும் சொல்லக் கூடாது."

மஸாஹிரா ஒரு பிடி மண்ணை முகர்ந்தாள்.

எண்ணெய் நாற்றத்துக்கு அடியில்... கிணற்றுக்குப் போடும் ப்ளீச்சிங் பவுடர்! கிணற்றுக் கிருமியைக் கொல்வது மண்ணின் கிருமியை மட்டும் விட்டுவைக்குமா?

"இதுல பவுடர் கொட்டினது யாரு?"

"நான்தான்." நிரோஷன் முன்னால் வந்தான். "நாய் ஒண்ணு செத்துக் கெடந்திச்சு. நாத்தம் தாங்கல. அஞ்சு வாரமா, வாரம் ஒரு மூட்டை போட்டேன்."

"ஒரு நாய்க்கு அஞ்சு மூட்டையா, முதலாளி?"

மஸாஹிரா பொலிசுக்குப் போன் போட்டாள்.

பொலிஸ் வந்தது. மண்வெட்டி மூன்றடி இறங்கியது.

கறுப்பையா!

சட்டைப் பையில், பொலிதீன் உறைக்குள், பிரதேச சபைக்கு எழுதிய மனு. ஓர் எழுத்துக்கூட அழியவில்லை.

நல்லம்மா அழவில்லை. வேலியோரம் கூடி நின்ற லயத்து ஆட்களைப் பார்த்து, "திருடல" என்றாள். அவ்வளவுதான். ஒருவரும் நிமிரவில்லை.

விலங்கு மாட்டப்பட்ட நிரோஷன் பல்லைக் கடித்தான்.

"ஒங்க கிருமிதான் என்னைய மாட்டி விட்டிச்சு."

"அதுகள விட்டு வச்சிருந்தா எண்ணெயத் தின்னுட்டுப் பேசாமப் போயிருக்கும்" என்றாள் மஸாஹிரா. "கோடிக் கணக்குல கொன்னீங்க, முதலாளி. கோர்ட்ல ஒண்ணுக்குத்தான் வழக்கு."