முதலை குத்திய கை

அந்த உடலுக்கு முகம் என்று ஒன்று இல்லை.

மாஹிம் கழிமுகத்துச் சேற்றில் ஊறிக் கிடந்ததை இழுத்து வந்து மார்ச்சுவரி மேஜையில் கிடத்தியிருந்தார்கள். கல்லால் நசுக்கியவன் அவசரமே படாமல் நசுக்கியிருந்தான்.

ஜெயசீலி இடது கையை மட்டும் பார்த்தாள்.

முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. வாயைப் பிளந்த முதலை. பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு மேலே இரண்டு புள்ளி.

அவள் குத்தியதுதான். செம்பூரில் டாட்டூ கடை வைத்திருப்பவளுக்குத் தன் ஊசி போன வழி தெரியாதா?

"இது என் தம்பி இல்ல சார்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சந்திரமௌலி பெருமூச்சு விட்டார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். அன்று காலையில் இதே வாக்கியத்தை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறோம் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

"வாங்கோம்மா. ஸ்டேஷன்ல உக்காந்து பேசலாம்."

ஸ்டேஷனில் டீ வந்தது. ஜெயசீலி தொடவில்லை.

"உங்க தம்பி லாசரோட சட்டை. லாசர் பர்ஸ். பர்ஸ்ல லாசர் ஆதார். இன்னும் என்ன வேணும்?"

"அதெல்லாம் யார் வேணும்னாலும் மாட்டி விடலாம்லா சார்? கையில முதலை இருக்கு. என் தம்பி கையில நாய்."

"அதிர்ச்சியில இருக்கேள். ஆத்துல யாரையாவது வரச் சொல்லட்டுமா?"

ஜெயசீலிக்கு எரிச்சலாக வந்தது. பெண்பிள்ளை குரலை உயர்த்தினால் அதிர்ச்சி, உயர்த்தாவிட்டால் சம்மதம். இந்த ஊரில் போலீசுக்குத் தெரிந்த மனோதத்துவம் அவ்வளவுதான்.

மூலையில் நின்ற கான்ஸ்டபிள் ஸ்மிதா, பச்சை குத்திய கையின் போட்டோவைக் காட்டி, இது நரபலி கேஸ் என்று இந்தியில் ஆரம்பித்தாள்.

"ஸாப், யே பலி கா மாம்லா ஹை. மாயன், ஜாதூ-டோனா, வோ சப்."

"ஏம்மா, சூனியம் கீனியம் ஒண்ணும் கிடையாது" என்று ஜெயசீலி சீறினாள். "மாயன்கிறது மெக்சிகோ பக்கத்து ஜனங்க. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்னம் வச்சிருந்தாவ. முதலைன்னா தொடக்கம். தண்ணியில மெதக்குத முதலை முதுகுலதான் பூமியே இருக்குன்னு ஒரு நம்பிக்கை. இதுல பலி எங்க வந்துச்சு?"

சந்திரமௌலி கையமர்த்தினார். அவர் முகத்தில் ஒரு பெருமிதம் பரவியது.

"பலி இல்லம்மா. எனக்குத் தெரியும். பிறந்த நாள்."

ஜெயசீலி நிமிர்ந்தாள்.

"கோடுன்னா அஞ்சு. புள்ளின்னா ஒண்ணு. ஆக, ஏழாம் முதலை. கஸ்டமரோட பிறந்த தேதியைக் கேட்டுண்டு அந்த நாள் சின்னத்தைக் குத்தறேள். சரியா? நேத்து நெட்ல உக்காந்து போட்டுப் பாத்தேன். தொண்ணூறாம் வருஷம் ஜூன் ஒண்ணு. ஏழாம் முதலை!" ஆதார் அட்டையைத் திருப்பி வைத்தார். "லாசர், பிறந்த தேதி, தொண்ணூறு ஜூன் ஒண்ணு. பொருந்தறதா?"

பொருந்தியது. பொருந்தித் தொலைத்தது!

ஜெயசீலிக்கு மேஜையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"சார், நீங்க படிச்சது மாட்டுங்கால. நாங்க தாராவில. எங்க ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடத்துல சேக்க வந்த அத்தனை பிள்ளைக்கும் ஜூன் ஒண்ணுன்னு எழுதிருவாரு. ஸ்கூல் தொறக்குத மாசம்லா, கணக்குக்கு லேசு. என் தம்பி வகுப்புல முக்காவாசிப் பேருக்கு அன்னைக்குத்தான் பொறந்தநாள். கேக் வாங்குனா கட்டுபடி ஆகாது சார்."

சந்திரமௌலியின் பேனா நின்றது.

"அப்போ உங்க தம்பி பிறந்தது?"

"தொண்ணூறு ஜனவரி ஒண்ணு. புதுவருச ஆராதனைக்குப் போன எடத்துல அம்மாவுக்கு வலி வந்துட்டு. எனக்கு அப்போ விவரம் தெரியும், நான்தான் அப்பாவைத் தேடி ஓடுனேன். கூட்டாளிமாரு எல்லாம் சேந்து கடைக்கு வந்தப்போ, மத்தவனுவ ஆதார் தேதியச் சொன்னானுவ. முதலை போட்டேன். என் தம்பிக்கு மட்டும் நெசத் தேதிக்குப் போட்டேன். அது நாய். செத்தவுகளுக்கு இருட்டுல வழி காட்டுத நாய்."

"இதை யாராவது…?"

"எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். முழுக்கைச் சட்டை இல்லாம அவன் வெளிய போவ மாட்டான். பாத்தவனுக்கு நாயும் ஒண்ணு, முதலையும் ஒண்ணு."

சந்திரமௌலி நாற்காலியில் சாய்ந்தார்.

"மனசைத் திறந்து சொல்றேன். உங்க தம்பி ஜாமீன்ல இருக்கான். ரோட்டுல ஒரு பெரியவரை அடிச்சுட்டு வண்டியை நிறுத்தாம போன கேஸ். அடுத்த வாரம் தீர்ப்பு. நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போட்டா டிஎன்ஏ டெஸ்ட் வேண்டாம், உடம்பை இன்னிக்கே தந்துடுவோம், அந்தக் கேசும் முடிஞ்சுடும். எல்லாருக்கும் நிம்மதி."

"நிம்மதியா?" அவள் அந்தப் பேப்பரைத் தள்ளிவிட்டாள். "அந்தப் பெரியவர் மவன்மாரு இவன வெட்டுவேன் குத்துவேன்னு திரியுதானுவ. எங்கயோ கொண்டு போய் அடைச்சு வச்சிருக்கானுவ சார். நான் கையெழுத்துப் போட்டா அவனத் தேட நாதி கிடையாது. அம்மா போனதுக்கப்புறம் நான் வளத்த பிள்ளை. தேடுங்க சார். கால்ல வேணும்னாலும் விழுதேன்."

நிஜமாகவே எழுந்துவிட்டாள். அவர் பதறிப்போனார்.

"உக்காருங்கோ, உக்காருங்கோ. சரி. உங்க தம்பி இல்லைன்னா இது யாரு? முதலை குத்திண்டவா எத்தனை பேர்?"

"மூணு பேரு. கண்ணா, தமிழ்செல்வன், கணேசபாண்டியன்."

முதல் முறையாக ஒரு ஆள் காதில் வாங்குகிறான்! ஜெயசீலி மடமடவென்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

கண்ணா விக்ரோலியில் வேலையில் இருந்தான். "என்னக்கா, நல்லாருக்கியளா?"

தமிழ்செல்வன் தாதரில் ரயில் ஏறிக்கொண்டிருந்தான். "அப்புறம் பேசட்டாக்கா, நெரிசலு."

கணேசபாண்டியனின் போன் அணைந்திருந்தது.

அவன் தாராவியில் தோல் பை தைக்கிறவன். ஜெயசீலி அவன் மனைவி பேராச்சியை அழைத்தாள்.

"ஏட்டி பேராச்சி, பாண்டி எங்க?"

"ஊருக்குப் போயிருக்காவ மைனி. ஆனா இன்னும் போய்ச் சேரலன்னு எங்க மாமா சொல்லுதாவ. போனு வேற ஆப்பா கெடக்கு. எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு."

ஜெயசீலியின் கண் நிறைந்தது. மார்ச்சுவரி மேஜையில் கிடந்தவனுக்கு இப்போது பெயர் வந்துவிட்டது. இதை இந்தப் பெண்ணிடம் யார் சொல்வது?

சந்திரமௌலி போன் பக்கம் குனிந்தார். "அவர் தனியாத்தான் கிளம்பினாராம்மா?"

"இல்ல சார்." யார் கேட்பது என்றுகூட அவள் விசாரிக்கவில்லை. "லாசர் அண்ணன்தான் வந்து கூட்டிட்டுப் போனாவ. ஸ்டேஷன்ல விட்டுட்டு வாரேன்னாவ."

சந்திரமௌலி கையை நீட்டிப் பேராச்சியின் அழைப்பைத் துண்டித்தார்.

அதே உயரம். அதே வயசு. அதே ஆதார் தேதி. தம்பியின் சட்டை, தம்பியின் பர்ஸ்… அத்தனையையும் அந்த உடலில் மாட்டிவிட யாரால் முடியும்?

வேண்டாம் ஆண்டவரே, வேண்டாம் என்று ஜெயசீலி உள்ளுக்குள் அலறினாள். எவ்வளவு பாடுபட்டு, எவ்வளவு கத்தி, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி இந்த மனுஷனை நம்ப வைத்தோம்!

போன் ஒலித்தது.

தெரியாத நம்பர். சந்திரமௌலி உதட்டில் விரலை வைத்துவிட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அக்கா… நான்தான். பாடியப் பாத்தியா? நான்தான்னு சொல்லிட்டேல்லா?"

ஜெயசீலி கண்ணை மூடிக்கொண்டாள். உயிரோடுதான் இருக்கிறான். கொலைகாரனாக இருக்கிறான்.

"ஏம்ல இப்படிச் செஞ்ச? பாண்டி உனக்கு என்னல செஞ்சான்?"

"உள்ள போனா வெளிய வர வருசக் கணக்காவும்க்கா. செத்தவன எவனும் ஜெயில்ல போட மாட்டான்லா. நீ ஆமான்னு ஒத்த வார்த்த சொன்னா முடிஞ்சுது. முதலைக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். உன்ன நம்பித்தான் எறங்குனேன்."

சந்திரமௌலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயசீலி ஒரு வார்த்தையில் எச்சரித்துவிடலாம். 'ஓடிரு' என்றால் போதும்.

அவள் காதில் பேராச்சியின் குரல்தான் கேட்டது.

"எங்கல இருக்க?"

"உல்லாஸ்நகர். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜு. சொல்லிட்டேல்லா அக்கா?"

"அங்கயே இரு. வாரேன்."

போனை வைத்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

சந்திரமௌலி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"வருத்தப்படாதீங்கோம்மா. காணாமப் போனவாளை நாங்க தேடவே மாட்டோம்னு ஊர்ல ஒரு பேர் உண்டு. இனிமே யாராவது அப்படிச் சொன்னா, உங்க தம்பியைக் கை காட்டறேன்."