காத்திருப்போர் அறையின் தாழ்ப்பாள்

தாழ்ப்பாள் மறுபடியும் கதவின் வெளிப்பக்கம் இருந்தது.

“நேத்தும் உள்பக்கம்தாண்ணே அடிச்சேன்,” என்றான் தச்சன் ஒராஸ். “முந்தாநாளும்தான். கட்டடத்துக்கு உங்க வரைபடம் பிடிக்கல போல.”

“உனக்கு வோட்கா பிடிக்குது. அதான் விஷயம்.”

நூர்தாய் தாழ்ப்பாளைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். என்றோ எரிந்துபோன ரயில் நிலையத்தை ஒரே ஒரு புகைப்படத்தை வைத்து மீண்டும் எழுப்பியிருந்தார்கள். நாளை அருங்காட்சியகமாகத் திறப்பு. சுவரில் நூர்தாயின் தாத்தாவுடைய படம், நிலைய அதிகாரியின் தொப்பியோடு. பஞ்சக் குளிர்காலத்தில், தானிய ரயில் கடந்துபோகும்வரை, பசியோடு வந்தவர்களை இந்தக் காத்திருப்போர் அறையில் அடைத்துத் தாழிட்டவர். ரயில் வர ஒன்பது நாளானது. பிறகு அவரே கட்டடத்துக்குத் தீ வைத்தார். அறிவிப்புப் பலகையில் நூர்தாய் ‘விபத்து’ என்று எழுதியிருந்தான்.

ஒராஸ் ஒரு காகிதத்தை நீட்டினான். “உள்ள செத்தவங்க பேரு. முப்பத்தொன்பது. எங்க வீட்ல எழுதி வச்சது. ரொட்டி சுடறப்ப இவங்களையும் சொல்லிடுங்கண்ணே.”

“சரி சரி. நீ போய் லாரியில நாற்காலிய ஏத்திட்டு வா.”

லாரிச் சத்தம் பனிக்காற்றில் கரைந்ததும் காகிதத்தை அடுப்பில் போட்டான். அந்தத் தீயிலேயே எண்ணெய் காய்ந்தது. இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஏழு ரொட்டியை எண்ணெயில் சுடுவது வழக்கம். மணம் எழுந்தால் போதும், அவர்கள் வந்து பசியாறுவார்கள். தாத்தாவின் பெயரை மட்டும் சொன்னான்.

மணம் புதுப் பைன் பலகைகளின் பிசின் வாசனையோடு கலந்து, உத்தரம்வரை ஏறி, மூலைகளில் இறங்கி, பெஞ்சுகளுக்கு அடியில் ஊர்ந்தபோது, சுவருக்குள்ளிருந்து நகத்தால் பிறாண்டுவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தான். நேற்றுதான் அடித்த பலகையில் எலியா?

தட்டில் ஏழு ரொட்டி வைத்திருந்தான். நான்கு இருந்தன.

சன்னல் கண்ணாடி உள்பக்கமாக மூச்சில் மங்கியது. வட்டம் வட்டமாக. சில, அவன் முழங்கால் உயரத்தில்.

தட்டு காலி.

கதவுக்கு ஓடினான். வெளியே இரும்பு உரசி, பொருந்தி, நின்றது. பைக்குள் கைவிட்டான். தாழ்ப்பாள் இல்லை.

“சொல்றேன்... உங்க பேரையும் சொல்றேன்...”

ஒரு பெயராவது. ஒரே ஒரு பெயர்.

காகிதத்தை அவன் படிக்கவே இல்லை.

அடுப்பு அணைந்தது. இருட்டில் சில்லென்ற சிறு கை ஒன்று அவன் கையைப் பிடித்து இழுத்தது. விரல்களில் ஒட்டியிருந்த எண்ணெயை, ஒவ்வொரு விரலாக, நிதானமாக நக்கியது. நக்கி முடித்தது.

பிறகு பல் பட்டது.