குதிகால்

பாட்டின் இரண்டாவது அடியில் அந்தச் சத்தம் மறுபடி வந்தது. டொம். டொம்.

அது யாருடைய குதிகால் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்தால் போதும், அடுத்த அறையிலிருந்து கணவர் வாயைத் திறக்காமல் தரையில் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டுவார், அவள் குறைத்துவிடுவாள். மனிதர் போய்ச் சேர்ந்த பிறகுதான், ஆசைப்பட்ட இந்த இசைத்தட்டு செட்டைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினாள். இனியாவது வாய்விட்டுப் பாடட்டும் என்றுதான்.

தம்பி போனில் கெஞ்சினான். "அக்கா, பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. வீட்டைப் பூட்டிட்டு உன்னைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"எனக்கென்னடா பயம்? தரை அதிருது, அவ்வளவுதான். உன் வீட்டுக்கு வந்தா இவ்வளவு சத்தமா பாட்டு கேக்க விடுவாளா உன் பொண்டாட்டி?"

"அது வந்துக்கா..." என்று இழுத்தான்.

"அப்போ போனை வை."

இசைத்தட்டைச் சுழலவிடாமல் முள்ளை மட்டும் அதன்மேல் இறக்கி, சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். ஃபிரிட்ஜின் முனகல், தெருவில் திரும்பும் பஸ்ஸின் உறுமல், சுவருக்குள் குழாயில் இறங்கும் தண்ணீர் என்று வீட்டின் அதிர்வெல்லாம் தரை வழியே ஏறி ஸ்பீக்கரில் புரண்டது. அதற்கடியில், டொம். டொம். தரை வழியாகத்தானே வருகிறீர்கள்? வழியை அடைத்துவிட்டால்?

ஆடியோ கடைக்காரர் கனத்த ரப்பர் கால்கள் கொண்டுவந்து, செட் இருந்த கருங்கல் பலகைக்கு அடியில் பொருத்தினார். பலகைமேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்பதைக் காட்டி, அதை அங்கேயே விட்டுவைத்தார். "மேல ஏத்துற எடைக்கு மட்டும்தான் மேடம் இது அமுங்கும். கீழ யானை குதிச்சாலும் மேல வராது." மிஞ்சிய நான்கைத் தன் நாற்காலிக்கும் போடச் சொன்னாள். வீம்புக்குத்தான்.

மத்தியான வெயில் அறை நிறைய இருந்தது. பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். இரண்டாவது அடி. உள்ளங்காலில் அதிர்ந்தது, ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. அடடா, எத்தனை சுத்தமான குரல்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கால்களைத் தூக்கிச் சம்மணமிட்டுக்கொண்டாள்.

"தட்டுங்க. கால் வலிக்கிற வரைக்கும் தட்டுங்க."

தட்டும் சத்தம் நின்றது.

ரசமட்டத்தின் குமிழி நகர்ந்தது. பலகையின் ஒரு பக்கத்து ரப்பர் அமுங்கிப் பிதுங்கியது.

தரையை அடைத்தாள். தரையை விட்டு ஏறிவிட்டார்.

"இறங்குங்க. அது என் காசுல வாங்கினது."

ரப்பர் நிமிர்ந்தது. குமிழி நடுவுக்கு வந்தது.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. லேசாக. கீழே ரப்பர் கிறீச்சிட்டது. பழைய தலையெண்ணெய் வாசனை.

திரும்பவில்லை. ரிமோட்டை எடுத்தாள். சத்தத்தைக் கூட்டினாள்.

முன்கால் ரப்பரும் அமுங்கியது.

"குறைக்க மாட்டேன்."

இன்னும் கூட்டினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாட்டோடு சேர்ந்து கத்திப் பாடினாள்.

அவள் மடியில், புடவைமேல் இரண்டு குழிகள் விழுந்தன. குதிகால் அளவு. கனம். குளிர்ச்சி.

பிறகு ஒரு குழி மட்டும் மெல்ல நிமிர்ந்தது, தட்டுவதற்காகக் காலைத் தூக்கியதுபோல.