இரண்டாவது பீப்பாய்

"மர்சூக் நானா, நீங்களே சொல்லுங்க. நான் தண்ணி ஊத்தினேனா, மறந்துட்டேனா?"

மர்சூக்கின் சேணக் கடை வாசலில் நின்று பழனியாண்டி இப்படிக் கேட்டபோது, அவன் தங்கை பாப்பம்மாவை அடக்கம் செய்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மர்சூக் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

கண்டி நகரத்துக்குத் தீயணைக்கும் பம்பி ஒன்றே ஒன்றுதான். நெருப்போடு மல்லுக்கட்டச் சம்பளக்காரர்கள் இருந்தார்கள். மற்ற வேலைகளை ஊரார் ஆறு பேர் கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டார்கள். பம்பியின் தோல் குழாய்களைத் தைத்து எண்ணெய் பூசுவது மர்சூக்கின் பொறுப்பு. வாவியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து தெருமுனைப் பீப்பாய்களை நிரப்புவது பழனியாண்டியின் பொறுப்பு.

மூன்று நாளைக்கு முன், உச்சிவெயிலில், மேட்டுத்தெருக் காப்பிக் கிட்டங்கி தீப்பிடித்தது. ஓடிப்போய்ப் பீப்பாயின் மூடியைத் திறந்தால் உள்ளே வெறும் பலகை. வாவித் தண்ணீர் வருவதற்குள் கூரை விழுந்துவிட்டது. பின்னறையில் காப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பாப்பம்மாவைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். பின்கதவு பூட்டியிருந்தது.

"அண்ணன் மறந்தான், தங்கச்சி வெந்தாள்" என்று ஊர் பேசியது. பொலிசும் அவன்மேல் வழக்கு வைக்கப்போவதாகக் கேள்வி.

"ரெண்டையும் ரொப்பிட்டுத்தான் நான் வத்தேகமைக்குப் போனேன். அப்படித்தான் ஞாபகம். ஆனா ஊரே சொல்றப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

கடைக்குள் கதிரையில் அமர்ந்திருந்த ராஜலிங்கம் நிமிர்ந்தார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர். பிறர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே பழகியவர்.

"ரெண்டோ? தெருவில ஒண்டுதானே நிக்குது."

"இன்னொன்னு அன்னிக்குக் காலையிலதான் வச்சேன், ஐயா. கிட்டங்கிக்குப் பின்னால, வேலியோரம். யார்கிட்டயும் இன்னும் சொல்லல."

"வாரும், மூண்டு பேரும் போய்ப் பாப்பம்."

கிட்டங்கி வாசலில் அங்குள்ள வேலையாட்களின் தலைவன் அழகையா கான்ஸ்டபிளோடு பேசிக்கொண்டிருந்தான். பழனியாண்டியைக் கண்டதும் முகம் சிவந்தது. "எந்த மூஞ்சியோட வந்தே? ரெண்டு பீப்பாயும் காலி! ஒரு வாளித் தண்ணி இருந்திருந்தா அவ பொழச்சிருப்பா!"

ராஜலிங்கம் பின்பக்கம் நடந்தார். வேலியோரத்துப் பீப்பாயும் காலிதான். ஆனால் அதன் அடியில் மண் சேறாகிக் காய்ந்திருந்தது. அந்தச் சேற்றில் பதிந்த செருப்புத் தடங்கள் பின்கதவு வரை போய்த் திரும்பியிருந்தன.

"நெருப்பணைக்க வந்தவங்கட கால், ஐயா" என்றார் மர்சூக்.

"பூட்டின கதவுக்கு ஆர் தண்ணி கொண்டு வந்தது? முன்பக்கம் எரியேக்க பின்பக்கம் ஒருத்தரும் வரேல்லை எண்டு வழியில நீர்தானே சொன்னீர்."

முற்றத்தில் தப்பிய மூட்டைகள் கிடந்தன. ராஜலிங்கம் அவற்றைக் காட்டினார். "இதுகளை எப்ப வெளியால எடுத்தது?"

"பம்பி வரமுந்தி நாங்கதான் இழுத்த. மூணு பேர் சேந்துதான் இழுத்த, ஐயா. அப்பிடிப் பாரம்."

சொல்லி முடிக்கும்போதே மர்சூக்குக்கு உறைத்தது: காய்ந்த காப்பி அவ்வளவு பாரம் இருக்காது. அவரே கத்தியை எடுத்து ஒரு சாக்கைக் கிழித்தார். புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. கொட்டைகள் ஊறிப் பருத்திருந்தன.

ராஜலிங்கம் கான்ஸ்டபிளையும் அழகையாவையும் அங்கே அழைத்தார்.

"பம்பித் தண்ணி படாத மூட்டை இது. ஆனா நடுவில ஈரம். எரிஞ்சதுக்கு மறுநாள் நிறுத்துக் கொழும்புக்கு ஏத்த இருந்த காப்பி. ஆரோ கொஞ்சம் களவெடுத்துப்போட்டு, அந்தக் குறை தெரியாமப் பாரம் கூட்டத் தண்ணி விட்டிருக்கினம். இந்தக் கோடையில கிணறு வத்திப்போச்சு. பக்கத்தில இருந்தது பழனியாண்டியின்ர தண்ணி மட்டும்தான்." அவர் குரல் உயரவில்லை. "அழகையா, ரெண்டு பீப்பாய் எண்டு சொன்னீர். ரெண்டாவது ஒண்டு இருக்கிறது வச்சவனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. காலி பண்ணினவனுக்குத் தெரியும்."

அழகையாவின் செருப்பைக் கான்ஸ்டபிள் கழற்றித் தடத்தில் வைத்தார். பொருந்தியது.

"நான் கொளுத்தல, ஐயா" என்று அவன் மண்ணில் குந்தினான். "சாக்கோட வெளிப்பக்கம் காயட்டும்னு நெருப்புக் கரிச்சட்டி வச்சேன். பொறி பறந்துருச்சு."

"பின்கதவு?"

"ஈரத்தை யாரும் பாத்துரக்கூடாதுன்னு பூட்டினேன். அவ உள்ளுக்க இருந்தது... அப்ப நெனப்பு வரல."

"சாவி?"

அவன் மடியைத் தொட்டான். நெருப்பு எரிந்த நேரமெல்லாம் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

கான்ஸ்டபிள் அவனைக் கொண்டுபோன பிறகும் பழனியாண்டி அசையவில்லை. மர்சூக் அவன் தோளில் கை வைத்தார். "நீங்க மறக்கல்ல. கேட்டீங்களா? மறக்கல்ல."

பழனியாண்டி தலையாட்டினான். அவன் முகம் தெளியவில்லை. கரிந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தவன், ராஜலிங்கத்தின் பக்கம் திரும்பினான்.

"அவ கதவைத் தட்டியிருப்பாளா, ஐயா?"

இந்த ஒரு தடவை மட்டும் இவர் பொய் சொல்லிவிடட்டும் என்று மர்சூக் உள்ளுக்குள் இறைவனிடம் துஆக் கேட்டார்.

ராஜலிங்கம் தலைப்பாகையைக் கழற்றினார். "ஓம்" என்றார். "தட்டியிருப்பா."