தோளில் தடவிய எண்ணெய்

மேற்கு மலைகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கி வெகுநேரம் ஆகவில்லை. அதற்குள் கிழக்கே எழுந்த முழுமதி வெள்ளாற்றின் நீரையெல்லாம் பாலாக்கிக்கொண்டிருந்தது. அழகான மாலைதான், வாசகர்களே. ஆனால் அக்கரையில், நாணற்காட்டுக்கு அப்பால் வரிசை வரிசையாக மின்னியவை விண்மீன்கள் அல்ல. மருதங்கோட்டையைப் பறிக்க வந்து, உள்ளே மன்னர் திடமாக இருக்கிறார் என்ற ஒரே அச்சத்தால் தயங்கி நிற்கும் பகைவரின் பாசறை விளக்குகள் அவை.

மன்னர் மருதங்கோ வேள் திடமாக இல்லை. சென்ற போரில் விலாவில் பாய்ந்த நச்சம்பின் முனை உள்ளேயே தங்கிவிட்டது. இதை அறிந்தவர் இருவர்: மன்னரும், அரண்மனை வைத்தியர் நக்கனாரும். எவரிடமும் சொல்வதில்லை என்று வைத்தியர் மன்னரின் கைதொட்டுச் சத்தியம் செய்திருந்தார்.

அன்று மாலைதான் நாற்பது இளைஞர்கள் வேளைக்காரப் படையில் சேரவிருந்தார்கள். மன்னரின் உயிர் பிரியும் நாளில் தம் தலையைத் தாமே அரிந்து வீழ்வோம் என்பது அவர்கள் ஏற்கும் சபதம். வீட்டுக்கு ஒருவர். வைத்தியரின் வீட்டிலிருந்து அவருடைய ஒரே மகன் ஐயாறன்.

சபதத்துக்கு முன் தந்தை மகனின் வலத்தோளில் எண்ணெய் தடவி வாழ்த்துவது அந்நாட்டு வழக்கம். மற்ற தந்தையர் உள்ளங்கையால் தடவினார்கள். நக்கனார் மட்டும் வெற்றிலைச் சுருளால் தடவினார்.

"வண்டிமாட்டைத் தேய்ப்பதுபோல் தேய்க்கிறீர்களே, தந்தையே" என்று ஐயாறன் சிரித்தான். "மற்றவர்கள் மூன்று சொட்டோடு விட்டுவிட்டார்கள்."

"மற்றவர்கள் வைத்தியர்கள் அல்லர். அசையாமல் நில்."

"உங்கள் கை நடுங்குகிறது."

"வயதாகிவிட்டது."

"கவலை வேண்டாம். மன்னர் இன்னும் முப்பது ஆண்டு இருப்பார். அதற்குள் எனக்கே நரைத்துவிடும்."

நக்கனார் கிண்ணத்தில் எஞ்சியிருந்ததையும் வழித்து அந்தத் தோளிலேயே தடவினார்.

ஆற்றை நோக்கிய மண்டபத்தில், அக்கரை ஒற்றர்கள் காணும்படி, மன்னர் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். பட்டாடைக்குள் இருந்த கட்டு எவர் கண்ணிலும் படவில்லை. ஒவ்வோர் இளைஞனாக வந்து, வாளைத் தன் கழுத்தில் வைத்துச் சபதம் சொல்லிப் போனான். இருபத்தேழாவதாக வந்த ஐயாறன் வாளை உயர்த்தினான். பாதி வழியில் அவன் விரல்கள் தாமாகவே விரிந்தன. வாள் கல்தரையில் விழுந்து ஓசையிட்டது.

"மருந்து இடிக்கும் உலக்கையாக இருந்தால் நழுவியிருக்காது" என்று ஒருவன் சொல்ல, மண்டபமே சிரித்தது.

சபதவாளை நழுவவிட்டவன் வாழ்நாளில் மறுபடி வாளேந்தலாகாது. ஐயாறனை மணக்கவிருந்தவள் படைத்தலைவரின் மகள். மேன்மாடத்தில் நின்ற அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஐயாறன் மரத்துத் தொங்கிய தன் கையைப் பார்த்தான். மினுமினுத்த தோளைப் பார்த்தான். பிறகு தந்தையைப் பார்த்தான்.

"இதற்குக் கிண்ணத்தில் நஞ்சையே கொடுத்திருக்கலாம்" என்றான், அவர் மட்டும் கேட்கும்படி.

"வீட்டுக்கு ஒருவர் என்பது முறை, வைத்தியரே" என்றார் படைத்தலைவர் விடங்கர் கடுமையாக. "உம் வீட்டில் வேறு ஆண்மகன் உண்டோ?"

"நான் இருக்கிறேன்."

நக்கனார் குனிந்து வாளை எடுத்தார். இப்போது அவர் கை நடுங்கவில்லை. நரைத்த தாடியை ஒதுக்கி, கழுத்தில் வாளை வைத்து, ஒரு சொல்லும் பிசகாமல் சபதத்தைச் சொல்லி முடித்தார். பிறகு மன்னரின் காலடியில் மண்டியிட்டார். வாழ்த்துவதற்காகக் குனிந்த மன்னர் மெல்லக் கேட்டார்:

"உம் மகனின் கை எப்போது தேறும்?"

"எட்டு நாளில், அரசே."

"எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

"ஏழு."

மன்னரின் புன்னகை மாறவில்லை. அக்கரை விளக்குகளை ஒருமுறை நோக்கிவிட்டு, அடுத்தவனை வரச்சொல்லிக் கைகாட்டினார். தோளில் எண்ணெய் பளபளக்க, இன்னொரு வீட்டு மகன் முன்னால் வந்தான். கூட்டத்தில் அவனுடைய தந்தை பெருமையோடு எட்டிப் பார்த்தார். நக்கனார் அவர் இருந்த பக்கம் திரும்பவேயில்லை.