வாசித்துக் காட்டாத வாக்குமூலம்

தான் எழுதாத ஒரு வரியைத் தாணுலிங்கம் பிள்ளை வாசித்துவிட்டார்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை. கடைத்தெருவில் நடந்த வெட்டு வழக்கில் முகம்மது ஹனீபா என்ற வியாபாரி சாட்சி சொல்லி முடித்திருந்தார். சாட்சி சொன்னதை எழுதி, அதை அவருக்கே வாசித்துக் காட்டி, சரியென்று அவர் ஒத்துக்கொண்ட பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது பெஞ்சு கிளார்க்கின் வேலை. இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு என்பதால் பிள்ளையின் வாய் தன்பாட்டுக்கு வாசிக்கும், மனம் எங்கேயோ கிடக்கும். "கடையை அடைத்துக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டுத் திரும்பினேன். கையைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள தாத்தினான்..."

ஹனீபா தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "பிள்ளைவாள், தண்ணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல்லியே" என்றார்.

பிள்ளை தாளைப் பார்த்தார். அப்படி ஒரு வரியே அதில் இல்லை.

மேடைமேல் ஜட்ஜி கண்ணாடியை உயர்த்தினார். அவர் வடக்கே ஆலப்புழைப் பக்கத்துக்காரர். நாஞ்சில்நாட்டுப் பேச்சு அவர் காதுக்கு இன்னும் படியவில்லை. சாட்சி வாய் திறந்தால் அவர் பார்ப்பது கிளார்க்கின் முகத்தைத்தான். கண் வேறெங்கோ போய்விட்டது என்று பிள்ளை மன்னிப்புக் கேட்டுச் சமாளித்தார். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. ஈரக் குடைகளும் பழந்தாள்களும் நாறும் அந்த ஹாலில், அழுகிய பிச்சிப்பூவும் கால்வாய்ச் சேறும் கலந்த வேறொரு வாடை, யாரோ கூடையோடு பக்கத்தில் வந்து நின்றதுபோல மெல்ல எழுந்தது.

அந்த வரி யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

செல்லக்கனி தோவாளையில் பூப்பறிக்கிறவள். போன வருஷம் அவள் தம்பி முத்துநாயகத்தின் பெண்டாட்டி கால்வாயில் மூழ்கிச் செத்தாள். அன்று காலை புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டதைத் தெருவே கேட்டிருந்தது. போலீஸ் கொலைக் கேஸ் எழுதியது. கண்ணால் கண்டவள் அக்காள் ஒருத்திதான். இந்த வருஷம் ஆடி மாதம் அவள் கூண்டேறிச் சொன்ன நேரம் பார்த்து மழை கூரையைப் பிளப்பதுபோலக் கொட்டியது. முத்துநாயகத்துக்குச் சர்க்கார் கொடுத்த வக்கீல் ஜன்னலைச் சாத்த எழுந்து போயிருந்தார். 'கையப் பிடிச்சு' என்பது மட்டும் பிள்ளையின் காதில் விழுந்தது. பிறகு ஏத்தினான் என்றாளா, தாத்தினான் என்றாளா? கரையேற்றினானா, தண்ணீருக்குள் அமுக்கினானா? என்ன சொல்கிறாள் என்று ஜட்ஜி கேட்டார். இன்னொருமுறை சொல்லச் சொல்லியிருக்கலாம். மணி ஐந்தாகப் போகிறது, பஸ் போய்விடும் என்பதுதான் அப்போது பிள்ளையின் நினைப்பு.

"தண்ணிக்குள்ள தாத்தினான்னு சொல்லுதா, எசமான்" என்றார். அப்படியே எழுதினார். வாசித்துக் காட்டவும் இல்லை. அவள் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் ஒற்றிவிட்டு அனுப்பிவிட்டார்.

கூடப்பிறந்தவளே சொல்லும்போது வேறு சாட்சி எதற்கு என்றது தீர்ப்பு. ஆயுள் தண்டனை.

அதற்குப் பிறகு ஒரு மாதம், கோர்ட்டு கூடுகிற நாளெல்லாம் செல்லக்கனி வராந்தாவில் வந்து நின்றாள். அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "பிள்ளைவாள், நான் சொன்னத எனக்கு ஒருக்க வாசிச்சுக் காட்டும்" என்பாள், அவ்வளவுதான். கேஸ் கட்டு மேல்கோர்ட்டுக்குப் போய்விட்டது என்று அவர் சொல்லுவார். கட்டு அவருடைய அலமாரியில்தான் இருந்தது. பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஒருநாள் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தம்பி பெண்டாட்டி போன அதே கால்வாயின் மதகில் அவள் உடம்பு வந்து தட்டியது.

புதன்கிழமை அந்த வரி இரண்டு தடவை வந்தது. வாசிக்கையில் அது வருவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. தொண்டைக்குள் குளிர்ந்த ஏதோ ஒன்று ஏறும். பல்லைக் கடிப்பார். கடித்த பல்லின் வழியே அது வெளியே வந்துவிடும். வீட்டில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த மனைவி சொர்ணம்மாள், ஆருக்கு என்ன வாசிக்குதீரு என்று கேட்டாள். தான் வாய் திறந்ததே அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அது தாளிலேயே இருந்தது. அவருடைய கையெழுத்து. அவருடைய மை. வெட்டு வழக்கின் மூன்று சாட்சிகளின் வாக்குமூலத்திலும், நடுவரியில். அடித்துவிட்டு மேலே திருத்தினார். மை காய்வதற்குள் திருத்திய இடத்திலும் அதே வார்த்தை ஊறி வந்தது. தொட்டால் விரலில் ஈரம். முகர்ந்தால் சேறு.

முத்துநாயகத்தின் அப்பீலுக்குத் திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் துணிந்து ஜட்ஜியின் அறைக்குள் போனார். வேலை போனால் போகட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

"எசமான், தோவாளைக் கேஸிலே நான் தப்பா எழுதிட்டேன். அந்தப் பொம்பள சொன்னது வேற."

"பின்னே என்ன சொன்னாள்?"

ஏத்தினான். அந்த ஒரு சொல். நாக்கின் நுனியில் அதன் வடிவம்கூடத் தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"தாத்தினான்."

"அதுதானே எழுதியிருக்கு?"

மறுபடியும் சொன்னார். மறுபடியும். கண்ணில் நீர் முட்ட, இரண்டு கையாலும் மேல்நோக்கி எதையோ தூக்குவதுபோலச் சாடை காட்டினார். தூக்கிய கைகள் தாமாகத் திரும்பிக் கீழே அமுக்கின. ஜட்ஜி நல்ல மனுஷர். தண்ணீர் கொடுத்து, ஒரு வாரம் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லித் தோளைத் தட்டி அனுப்பினார். மனுவாக எழுதிக் கொடுக்கலாம் என்று பிள்ளை பேனாவை எடுத்தார். பேனாவும் அதையேதான் எழுதியது.

அவர் யோசித்தது ஒன்றே ஒன்று. அவள் ஒரு மாதம் வந்து கேட்டது என்ன? வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்துக் காட்டிவிட்டால்?

நாலரை மணிக்குக் கோர்ட்டு கலைந்தது. வக்கீல்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். சேவகன் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தான். வேலை பாக்கி இருக்கிறது, சாவியை வைத்துவிட்டுப் போ என்று பிள்ளை அவனை அனுப்பிவிட்டார். மேகம் அடைத்திருந்ததால் ஹாலுக்குள் அப்போதே இருட்டிவிட்டது. காலி பெஞ்சுகள், காலி மேடை, சுவரோரமாகக் கூண்டு. அலமாரியிலிருந்து அந்தக் கேஸ் கட்டை எடுத்துத் தம் மேசைக்கு வந்தார். நாடாவை அவிழ்த்தபோது உள்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குளிர்ந்து கிடந்தன.

வழக்கமான முறையிலேயே தொடங்கினார். பேர், தகப்பன் பேர், ஊர், தொழில். கூண்டின் மரப்படி ஒருமுறை முனகியது, யாரோ கால் வைத்து ஏறியதுபோல. பிறகு கைப்பிடிக் கம்பு.

அவர் நிமிரவில்லை.

பிச்சிப்பூ வாடை. சேறு. பலகைமேல் சொட்டு விழும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

வாசித்தார். காலையில் பூப்பறிக்கப் போனேன். கால்வாய்க் கரையில் சத்தம் கேட்டது. தம்பி தண்ணியில நின்னான். கையைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள தாத்தினான்.

நிறுத்தினார். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"சொன்னது இதுதானா? சரிதானா?"

மழை நின்றது. சட்டென்று. கூரை முழுக்க அமைதி.

"இல்ல, பிள்ளைவாள்."

வராந்தாவில் கேட்ட அதே குரல். அதே பணிவு.

பேனாவை எடுத்தார். மையில் தோய்த்தார். "பின்ன என்ன சொன்ன, அம்மா? சொல்லு. எழுதுதேன்."

அப்போதுதான் நிமிர்ந்தார்.

மூன்று நாள் தண்ணீரில் கிடந்த முகம். பாசி ஒட்டிய மயிர். வெளுத்துத் தடித்த விரல்கள் கம்பைப் பிடித்திருந்தன. கண் இருந்த இடத்தில் கண் இல்லை, ஆனாலும் அவரைத்தான் பார்த்தாள். உதடு பிரிந்தது.

"கையப் பிடிச்சு..."

கூரைமேல் மழை இடிந்து விழுந்தது. அவள் வாய் அசைந்தது. சொல் வரவில்லை. தண்ணீர் வந்தது. கறுத்த கால்வாய்த் தண்ணீர், மோவாய் வழியே, கூண்டின் பலகை வழியே, தரைக்கு.

"கேக்கல்ல. இன்னொருக்க சொல்லு."

அவள் சொன்னாள். தண்ணீர்.

"கேக்கல்லியே, அம்மா."

எழுந்தார். கூண்டருகே போனார். கணுக்காலில் குளிர் ஏறியது. அவருக்குப் பின்னால் தாள்கள் ஒவ்வொன்றாக மேசையிலிருந்து இறங்கி மிதந்து போயின. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பொறுமையாக. ஒவ்வொரு தரமும் முதல் தரம் சொல்வதுபோல.

பிள்ளை குனிந்தார். ஒரு கையில் பேனாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, அந்தத் திறந்த வாயோடு தம் காதைச் சேர்த்து வைத்தார்.

"இன்னொருக்க" என்றார்.