அடைத்த சாக்கெட்

புது ஆம்ப்ளிஃபையரின் முதுகில் இரண்டு சாக்கெட்டுகளை எம்-சீல் வைத்து அடைத்திருந்தது.

சென்னையிலிருந்து கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. துடைப்பதற்காகத் திருப்பிய தமிழரசி, ஒழுகும் குழாய்க்கு அப்புகிற அந்தச் சாம்பல் நிறப் பசையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். வேறு யார், எல்லாம் அவள் வீட்டுக்காரன் நல்லதம்பியின் கைவேலைதான். ஆசையாக வாங்கிய சாமானை எந்தப் பைத்தியக்காரனாவது இப்படிச் செய்வானா?

வந்த அன்றைக்கே அவன் கறாராகச் சொல்லியிருந்தான். "தமிழு, பாட்டு வயர மூணு பின் சாக்கெட்ல மட்டும் மாட்டு. இந்த ஆர்.சி.ஏ. ரெண்டும் பேக்கார், எதுக்கும் உதவாது. வழியில கெடக்கற இரைச்சலையெல்லாம் அள்ளிட்டு வரும். சமஜா, புரிஞ்சுதா?"

அது அவளுக்குப் புதுப் பாடமில்லை. வண்டூரில் மைக் செட் வாடகைக்கு விட்ட குணாவின் மனைவியாக இதே வீட்டில் ஆறு வருஷம் வாழ்ந்தவள். மூன்று பின் வயரில் ஒரே பாட்டு இரண்டு கம்பிகளில் ஓடும், ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் ஒட்டுகிற இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் ஏறுவதால் கடைசியில் கழிந்துபோகும். ஆர்.சி.ஏ.வுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வழியில் எது ஒட்டியதோ அது அப்படியே ஸ்பீக்கரில் வந்து நிற்கும்.

குணாவைச் சுனாமி கொண்டுபோனது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெரார்கஞ்சில் அம்மா வீட்டில் இருந்தாள். இங்கே குணாவோடு இருந்தவன் கடைக் கூட்டாளி நல்லதம்பி ஒருவன்தான். உடல் கிடைக்கவில்லை. "அண்ணனைக் கடல் இழுத்துட்டுப் போனத என் ரெண்டு கண்ணால பாத்தேன் அண்ணி" என்று அவள் காலடியில் விழுந்து அழுதான். அன்றைய பூகம்பத்தில் பிளந்து இறங்கிய கூடத்துத் தரையை, அவள் திரும்பி வருவதற்குள் தனியாளாக மண் கொட்டி சிமெண்ட் பூசி வைத்திருந்தான். ஊரே பிணம் தேடிய வாரத்தில் அவனுக்குத் தரை பூச நேரம் கிடைத்தது. எவ்வளவு நல்ல மனுஷன் என்றுதான் அப்போது தோன்றியது. அவன் பார்த்ததாகச் சொன்ன அந்த ஒரு காட்சியை நம்பித்தான் பொட்டை அழித்தாள். நான்கு வருஷம் கழித்து அவன் கையாலேயே மறுபடி வைத்துக்கொண்டாள்.

நாளை குணா போய் ஏழு வருஷம். விளக்கேற்றும்போது அவனுக்குப் பிடித்த முருகன் பாட்டு இரண்டு போட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. நல்லதம்பி கூரையோரமாகச் சுற்றி இழுத்திருந்த மூன்று பின் வயரை எலி கடித்துவிட்டது. அவன் போர்ட் பிளேர் போயிருந்தான். ஆனால் குணா போட்ட பழைய ஆர்.சி.ஏ. வயர் இருந்தது. பிளேயர் இருக்கும் பின்னறையிலிருந்து கூடம் வரை, தரைக்கடியில் பைப்புக்குள். கூடத்தில் பைப்பின் வாயில் ஆர்.சி.ஏ. பின் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூ டிரைவரால் எம்-சீலைப் பெயர்க்க அரை மணி நேரம் ஆனது. வெளியே மழை. இந்தத் தீவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஓடையோரச் சேற்று நாற்றம் ஜன்னல் வழியாக வந்து கூடத்தில் தங்கியது. வயரை மாட்டி, ஆம்ப்ளிஃபையரைப் போட்டாள். ஸ்பீக்கர் இரைந்தது. மறுமுனை சும்மா கிடக்கும் வயர் இரையத்தான் செய்யும். பின்னறைக்குப் போகத் திரும்பியவள் நின்றாள்.

இரைச்சல் மூச்சு வாங்கியது.

டொக். டொக்.

நகத்தால் தட்டுகிற ஓசை. பிறகு ஓர் ஊது. ஊர் ஊராக மைக் கட்டிய குணா எப்போதும் அப்படித்தான் சோதிப்பான். இரண்டு தட்டு, ஓர் ஊது. பிறகு தூரத்தில் நிற்பவர்களைக் கேட்பான்.

"அரசி... கேக்குதா?"

அவளை அரசி என்று கூப்பிட வேறு யாரும் இல்லை.

பின்னறைக்கு ஓடினாள். வயரின் மறுமுனை எதிலும் மாட்டாமல் தொங்கியது. துரு. அதன்மேல் சிலந்திக்கூடு. இந்த முனையில் ஒன்றுமில்லை. அந்த முனையில் ஸ்பீக்கர். நடுவில் தரை மட்டும்தான்.

கூடத்துக்கு வந்தாள். சிமெண்டின் நடுவே கால் வைத்ததும் குரல் பெருத்தது. நல்லதம்பி ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை. வழுக்கும் என்று சொல்லிச் சுவரை ஒட்டியே நடப்பான்.

"தம்பி... காலு மாட்டிக்கிச்சுடா. கையக் குடு."

மண் சரியும் ஓசை. மண்வெட்டி உரசும் ஓசை.

"தம்பி, உசுரு இருக்குடா. கொட்டாத. தம்பி."

கடல் கொண்டுபோகவில்லை.

ஏழு வருஷம். இந்தத் தரையைத் தினமும் துடைத்தாள். இதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். இதன்மேல் பாய் விரித்தாள். அவனோடு. அவன் விழுந்து அழுத தன் கால்களைப் பார்த்தாள். வெட்டி எறிந்துவிடலாம் போல அருவருப்பாக இருந்தது.

வாசலில் குடை மடங்கியது. நல்லதம்பி. பெயர்ந்து கிடந்த எம்-சீல் துண்டுகளைப் பார்த்தான். என்ன சத்தம் என்று அவன் கேட்கவில்லை. உள்ளே வரவுமில்லை.

"அத நிறுத்துங்க அண்ணி" என்றான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் அவளை அண்ணி என்று கூப்பிட்டதே இல்லை.

அவள் சுவிட்சை அணைத்தாள். சிவப்பு விளக்கு செத்தது. மழைச் சத்தம் மட்டும்.

டொக். டொக்.

ஸ்பீக்கரில் இல்லை. அவள் உள்ளங்காலில்.

"தம்பி, கேக்குதா?"

அந்தக் காலத்தில் மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டிய கடைசி மூங்கிலருகே நின்று பதில் சொல்வானே, அதே பணிவோடு நல்லதம்பி வாயைத் திறந்தான்.

"கேக்குதுண்ணே. தெனமும் கேக்குதுண்ணே."

பைப்பின் வாயிலிருந்து ஓர் ஊது வந்தது. வெதுவெதுப்பாக, ஈரமண் வாசத்தோடு. தொய்ந்து கிடந்த வயர் விறைத்து நிமிர்ந்தது. ஒரு முழம் உள்ளே போனது. நின்றது. கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்து மேலே ஏறுகிற ஆளின் நிதானத்தில், இன்னொரு முழம் போனது.